மூவாயிரம் தோட்டாவைக் காயப்போட்ட கதை

மூன்று மாத காலம் நான் ஒரு சர்வதேச ஆயுத வியாபாரி. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னை நேரில் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் சிரமமாக இருக்கும். தெருநாய் முறைத்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிற ஆள் நான். தீபாவளிக்கு வெடி வைக்கும்போதுகூட ஊதுபத்தியை நீட்டிவிட்டு, பற்றியதா என்று பார்க்காமலேயே ஓடிவிடுவேன். (பாதி வெடி பற்றியிருக்காது. மறுபடி போய்ப் பார்க்கிற தைரியமும் இருக்காது. காலையில் தெருப் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்வார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கீழ்வேளூர் பக்கம் பன்னிரண்டு மா (நாலு ஏக்கர்) நிலம், ஒரு பழைய மோட்டார் பைக், உபயோகப்படாத ஒரு பட்டம். இவைதான் சொத்து. நண்பன் அன்வர் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருந்தான். ரீசார்ஜ், பட்டா நகல், பரீட்சை ரிசல்ட் எல்லாம் அங்கேதான். ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான்.

"மாப்ளே, கவர்மெண்டுக்கு எது வேணும்னாலும் இப்ப நெட்லயே டெண்டர் போடுறாங்க. நம்ம பேர்லயும் ஒரு கம்பெனி பதிஞ்சிட்டேன். பாலு அன்வர் டிரேடர்ஸ். உன் பேரை முன்னால போட்டிருக்கேன், மரியாதைக்கு."

(மாட்டினால் முதலில் பிடிபடுவது யார் என்று அவன் அன்றைக்கே யோசித்திருக்கிறான்.)

என்னென்ன பொருள் விற்பீர்கள் என்று கேட்ட இடத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்திருந்தான். நாற்காலி, பினாயில், கொசுவலை, ஆம்புலன்ஸ். அப்படி வந்து சிக்கியதுதான் அந்த டெண்டர்: 'பன்னிரண்டு போர்' ரகத் துப்பாக்கிக்குத் தோட்டா, மூவாயிரம் எண்ணிக்கை.

"தோட்டாவாடா?" என்றேன்.

"நெல்லு கொடுக்குறோம்ல கவர்மெண்டுக்கு? அதே மாதிரிதான். இது கொஞ்சம் காரமான நெல்லு."

எனக்கு அது சரியாகவே பட்டது. அரசாங்கத்துக்கு ஒரு பொருளை விற்பதில் எனக்கு அனுபவம் உண்டு. வருடா வருடம் நெல் கொள்முதல் நிலைய வாசலில் மூட்டையோடு காத்துக் கிடந்தவன். என்னைவிட யாருக்குத் தெரியும்?

அன்வரின் சின்ன மாமா ஷார்ஜாவில் இருந்தார். அவர் எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் தோட்டா செய்கிற கம்பெனியைப் பிடித்துக் கொடுத்தார். அதன் மேனேஜருக்கு இங்கிலீஷில் மெயில் எழுதும் பொறுப்பு என்னுடையது. எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் கடிதம் பள்ளிக்கூட லீவ் லெட்டர். ஆகவே உலக ஆயுதச் சந்தையில் என் முதல் கடிதம், 'மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால்' என்ற தோரணையில் போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு அவர்கள் சொன்ன விலை, நாங்கள் பயந்திருந்ததில் கால்வாசிகூட இல்லை. என் பணிவில் உருகிவிட்டார்கள் என்று நினைத்தோம். டெண்டரில் போட்டியிட்டது மொத்தம் இரண்டே பேர். மற்றவர் ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட மறந்துவிட்டார். நாங்கள் ஜெயித்தோம்.

அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது. டீக்கடையில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் டீ குடித்தேன். போனில் யாரிடமும் தோட்டா என்று சொல்வதில்லை, உளுந்து என்போம்.

"உளுந்து கப்பல் ஏறிடுச்சு மாப்ளே."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"உளுந்தை யாருடா கேப்பா?"

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நாம இந்த வருசம் உளுந்தே தெளிக்கலியேடா" என்றாள்.

இந்த இடத்தில் என் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைகாசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. பெண் வாணி. நாகப்பட்டினம். தினமும் பத்து நிமிடம் போனில் பேசுவோம். மிச்ச நேரமெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துக்கொண்டிருப்பேன். சிக்கல் என்னவென்றால் அவள் அப்பா. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்கு முன்னால் பார்த்த ஒரு மாப்பிள்ளையை, டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் இறங்கினான் என்பதற்காக வேண்டாம் என்று சொன்னவர். நல்ல சம்பளம், சொந்த வீடு, அந்த மாப்பிள்ளைக்கு. என்னிடம் "என்ன பண்றீங்க?" என்று கேட்டபோது, "கவர்மெண்ட் கான்ட்ராக்ட் மாமா" என்றேன். என்ன கான்ட்ராக்ட் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சரக்கு சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. சுங்கத்தில் ஒரு கேள்வி கேட்காமல் விட்டுவிட்டார்கள். ஷார்ஜா மாமாவின் செல்வாக்கு எவ்வளவு தூரம் நீள்கிறது என்று வியந்தோம். பத்துப் பெட்டி. ஒரு மினி லாரியில் வந்து இறங்கின. என் வயலில் இருக்கிற மோட்டார் கொட்டகையில் அடுக்கினோம். வருகிறவன் போகிறவன் கண்ணில் படக்கூடாதென்று, ஒவ்வொரு பெட்டியிலும் அச்சடித்திருந்த எழுத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, 'உளுந்து' என்று எழுதினேன். அழகான கையெழுத்து எனக்கு.

பூட்டைப் பூட்டிய பிறகுதான் பயம் வந்தது. வீரம் கப்பலில் போயிருந்தது. பயம் லாரியிலேயே வந்து இறங்கிவிட்டது. போலீஸ் ஜீப் மெயின் ரோட்டில் போனால் நான் இங்கே கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். உட்கார்ந்து அன்வரோடு சட்டம் பேசினேன். லைசென்ஸ் என்று ஒன்று உண்டே, வாங்கினோமா?

"ஜி.எஸ்.டி. இருக்கு," என்றான் அன்வர்.

தஞ்சாவூர் கவர்மெண்டு கிடங்கில் சரக்கை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையின் கூரை ஒழுகி, பெட்டிகள் அடியோடு நனைந்துவிட்டன. கையை விட்டுப் பார்த்தால் தோட்டாக்கள் பிசுபிசுவென்று இருந்தன.

இங்கேதான் பன்னிரண்டு மா விவசாயி எனக்குள்ளிருந்து எழுந்தான்.

"அன்வரு, செத்தோம். பதினேழு பர்சென்ட்டுக்கு மேல ஈரம் இருந்தா கவர்மெண்டு திருப்பி அனுப்பிடும்."

"அது நெல்லுக்குடா."

"கவர்மெண்டு ஒண்ணுதானே? வாங்குற ஆளு ஒருத்தன்னா சட்டமும் ஒண்ணுதான். மிஷின்ல போட்டுப் பாப்பான். பதினெட்டுன்னு காட்டுனா நம்ம கதை முடிஞ்சுது."

அவனுக்கு அதை மறுக்கத் தெரியவில்லை. அவன் குடும்பத்தில் யாரும் அரசாங்கத்துக்கு எதையும் விற்றதில்லை.

காலை ஒன்பது மணிக்கு, ஊருக்குள் வருகிற தார் ரோட்டில், பாதி ரோட்டை அடைத்துத் தார்ப்பாய் விரித்தோம். எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் எல்லோரும் நெல்லை அப்படித்தான் காயவைப்போம். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கல். மூவாயிரம் தோட்டாவையும் கொட்டினோம். கட்டைவிரல் பருமன், சிவப்பு உடம்பு, பித்தளை அடி. வெயிலில் ஜொலித்தன. பார்க்க மிளகாய் மாதிரி இருக்கிறதென்று எங்களுக்கு நாங்களே ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

ஒரே பக்கம் காய்ந்தால் போதுமா? நெல்லைக் காலால் கிளறிவிடுவது போல, பாதத்தை இழுத்து இழுத்துச் சால் போட்டுக்கொண்டே நடந்தேன். அன்வர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றான்.

"மெதுவா மாப்ளே! சூடு ஏறுனா வெடிக்கும்டா!"

"கிளறலன்னா அடியில ஈரம் நிக்கும்டா!"

உயிர் போனாலும் பரவாயில்லை, சரக்குத் திரும்பி வரக்கூடாது. ஒரு மணி நேரம் கழித்து, காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது. நெல் காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்போம்? ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்போம்.

கடித்தேன்.

அன்வர் இரண்டு காதையும் ஹெல்மெட்டுக்கு மேலாகவே பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டான். பற்களுக்கு நடுவில் தோட்டாவோடு நான் திரும்பியபோது, கருங்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்து இறங்கினார் சுபேதார். பின்சீட்டில் அவர் மனைவி. அவர் பக்கத்தில் வாணி.

கல்யாண ஜவுளி எடுக்கக் கும்பகோணம் போகிறார்கள், போகிற வழியில் தன்னை ஏற்றிக்கொள்ள வருவார்கள் என்று அம்மா முதல்நாளே சொல்லியிருந்தாள். நானும் 'ம்' என்றிருந்தேன்.

சுபேதார் தார்ப்பாயைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார்.

நான் தோட்டாவைத் துப்பிவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

"மாமா, எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் அன்வர்தான்!"

"ஐயா, கம்பெனியில முதல் பேரு அவன்தான்!" என்றது தரையிலிருந்து ஒரு குரல்.

பிறகு நானே எல்லாவற்றையும் கொட்டினேன். ஷார்ஜா, கப்பல், உளுந்து, லைசென்ஸ் இல்லாதது, எதையும் விடவில்லை. கடைசியில், "கல்யாணத்தை வேணும்னா நிறுத்திடுங்க மாமா, போலீசுக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன்.

கார் கண்ணாடி இறங்கியது. "என்னைக் கேக்காம இவரு யாருப்பா நிறுத்துறதுக்கு?" என்றாள் வாணி.

சுபேதார் குனிந்து ஒரு தோட்டாவை எடுத்தார். உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். காதருகே குலுக்கினார். அடிப்பாகத்தை நகத்தால் தட்டினார்.

"தம்பி, பன்னெண்டு மா நெல்லு போடுற ஆளு நீங்க. பதரு கையில எடுத்தா தெரியாது?"

"மாமா?"

"உள்ள வெடிமருந்தும் இல்ல, ஈய ரவையும் இல்ல. வெறும் கூடு. புதுசா சேந்த பசங்க துப்பாக்கியில போட்டு எடுத்துப் பழகுறதுக்கு. டெண்டரைப் படிக்கலியா?"

"முதல் பக்கம் படிச்சோம்."

"மொத்தம் எத்தனை பக்கம்?"

"நாப்பத்திரெண்டு."

அவர் காலிப் பெட்டி ஒன்றின் அருகே போனார். ஈரத்தில் ஊறியிருந்த 'உளுந்து' தாளை இரண்டு விரலால் உரித்தார். அதற்கு நேர் அடியில், இங்கிலீஷில், கொட்டை எழுத்தில் இருந்தது: வெற்றுத் தோட்டா, பயிற்சிக்கு மட்டும்.

காருக்குள் வாணி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அம்மா அதட்டினார். அப்புறம் அவரும் சேர்ந்துகொண்டார்.

சுபேதார் சிரிக்கவில்லை. மனைவியிடம் போய்ச் சொன்னது எனக்கும் கேட்டது: "இந்தப் பையனால ஒரு தப்பையும் முழுசாப் பண்ண முடியாது. கேக்குறதுக்கு முன்னாலயே ஒத்துக்குறான். நம்பிக் கொடுக்கலாம்." இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் மாடியில் வற்றலோ மிளகாயோ காய்ந்தால், "கடிச்சுப் பாத்தாச்சா?" என்று கீழேயிருந்து வாணி குரல் கொடுப்பாள். வீட்டுக்கு வரும் அன்வர், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உட்கார்வான்.

தஞ்சாவூரில் நடந்தது இதுதான். மூவாயிரத்தையும் எண்ணினார்கள். ஈரப்பதத்தை யாரும் பார்க்கவில்லை. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் பல் பதிந்திருக்கிறதென்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள்.