அதிகாரியம்மாவுக்கு பிரஷர்

மதியமாகியும் ரத்த அழுத்தப் பரிசோதனை முகாமுக்குள் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பந்தலுக்கும் வாசலுக்குமாக நடந்து கால் ஓய்ந்துபோனார், பொது சுகாதாரத் துறை அதிகாரியம்மா.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய வீடுகள். தடுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் பட்டறைகள், ஒண்டுக்குடித்தனங்கள். பக்கவாதம் வந்த பிறகுதான் வைத்தியம். இங்கேயும் ஒரு மருத்துவ நிலையம் வேண்டுமென்று மேலிடத்தோடு மல்லுக்கட்டியிருந்தார் அவர்.

"இன்னிக்குக் கூட்டம் வந்தா கட்டலாம். வரலைன்னா மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டார் இயக்குநர்.

அதிகாரியம்மா மைக்கைப் பிடித்தார். "பிரஷர் பார்க்கறோம்! எல்லாமே இலவசம்!"

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. "இலவசமாம்! பதிலுக்கு என்னத்தைப் பிடுங்கப் போறாங்களோ!"

வீடு வீடாகப் போனார். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்தவர் என்று தெருவே கதவைப் பூட்டியது.

கடைசியில் நாற்காலியைத் தெரு நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதோ, எனக்கே பார்த்துக்கறேன். வலிக்கவே வலிக்காது!"

நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். "ஐயையோ மேடம், நூத்தி எண்பது!"

"பார்த்தியா? நல்லா இருந்தவங்களை மெஷின்ல மாட்டி நோயாளி ஆக்கிட்டாங்க!" வேடிக்கை பார்த்த நாலு பேரும் ஓட்டம் பிடித்தார்கள்.

அதிகாரியம்மாவுக்கு நிஜமாகவே தலை சுற்றியது. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இப்ப நேரமில்ல" என்று எழுந்தார்.

"உக்காரும்மா!" தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள் தையற்கடை அக்கா. "எங்க வீட்டுக்காரரும் நேரமில்ல நேரமில்லன்னேதான் போய்ச் சேர்ந்தாரு. மொதல்ல மாத்திரையைப் போடு."

"ஆரம்பிச்சா நிறுத்த முடியாதே..." என்று முனகினார் அதிகாரியம்மா.

"படிச்சவ பேசற பேச்சா இது? இப்ப நானும் பிரஷர் பார்த்துக்கறேன், நீ பயப்படாம பாரு." அக்கா கையை நீட்டிக்கொண்டே தெருவைப் பார்த்துக் கத்தினாள். "ஏய், எல்லாரும் வாங்க! இந்தம்மா பயப்படுது, தைரியம் சொல்லுங்க!"

கதவுகள் திறந்தன. பட்டறை ஆட்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். வரிசை பாலத்தைத் தொட்டது. பிரஷர் இருந்தவர்கள் முணுமுணுக்காமல் மாத்திரை வாங்கினார்கள். அதிகாரியம்மாவுக்கு முன்மாதிரி காட்ட வேண்டுமே! போகிறபோது ஆளுக்கொரு அறிவுரை வேறு. "உப்பைக் குறைங்கம்மா!"

சாயங்காலம் வந்த இயக்குநரின் கார் கூட்டத்தில் சிக்கி நகரவில்லை. கண்ணாடியை இறக்கி, "கட்டிடலாம்மா, கட்டிடலாம்!" என்றார். தெரு ஆரவாரித்தது.

வண்டியில் ஏறிய அதிகாரியம்மாவுக்குக் கண் கலங்கியது. "ஜெயிச்சுட்டோம்! சரி, எனக்கும் அந்த மாத்திரையைக் குடு" என்று கை நீட்டினார்.

"உங்களுக்கு எதுக்கு மேடம்?" என்றாள் நர்ஸ். "நூத்தி இருபதுதான் இருந்துச்சு. கூட்டம் சேரட்டும்னு நான்தான் ஒரு அறுபதைச் சேர்த்துச் சொன்னேன்."