குண்டில் ஒரு குறையுமில்லை

"இந்த மூக்கு மேல ஜென்மத்துக்கும் கண்ணாடி ஏறாது!"

மண்டோர் தர்மராஜ் இப்படிச் சபதம் போட்டது தைப்பூசம் முடிந்த வாரம். கெமாஸுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். மேஸ்திரி என்பதால் அங்கே இருபது ஆள் மேல் அவருக்கு அதிகாரம் உண்டு. வீட்டில் இருப்பது மனைவி லோகேஸ்வரி ஒருத்திதான். அவள் மேல் மட்டும் அதிகாரம் செல்லாது.

அன்று காலை வேலியோரம் நின்ற கன்றுக்குட்டியைத் தோட்டத்துக் கணக்கர் என்று நினைத்து, "என்ன கிராணி, இவ்வளவு காலையில?" என்று அவர் விசாரித்திருந்தார். சபதத்துக்குக் காரணம் அதுதான்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. குண்டுலதான் கோளாறு."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த லோகேஸ்வரி நிமிர்ந்தாள். "யாரைக் குண்டுங்கறீங்க?"

"ஐயோ, உன்ன இல்ல லா! லஸ்டிக் குண்டைச் சொன்னேன். ஒன்னு பெருசு, ஒன்னு சிறுசு. ஒன்னு மேல போவுது, ஒன்னு கீழ போவுது. எல்லாம் ஒரே எடையா இருந்தா நான் ஏன் தவற விடறேன்?"

லஸ்டிக் என்றால் உண்டிவில். குண்டு என்றால் களிமண்ணை உருட்டி நிழலில் காயவைத்தது. ஒரு காலத்தில் தர்மராஜ் லஸ்டிக்கை இழுத்தால் ரம்புத்தான் மரத்துக் குரங்கெல்லாம் காட்டைப் பார்த்து ஓடும். இப்போது அவை உட்கார்ந்த இடத்திலேயே பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை அவர் தலையில் போடுகின்றன. அதையாவது பொறுக்கலாம். போன வருஷம் தோட்டத்து லஸ்டிக் போட்டிக் கோப்பையை, லோபாக்கிலிருந்து கார் போட்டு வந்த மச்சினன் ஷங்கர் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அது மனுஷனுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

"அப்ப ஒன்னு செய்வோங்க," என்றாள் லோகேஸ்வரி. "குண்டையெல்லாம் சமமாக்கிடுவோம். அப்புறமும் இந்த வருஷப் போட்டியில என் தம்பிகிட்ட தோத்தா?"

"தோத்தா கண்ணாடி போடறேன். ஜெயிச்சா, இந்த வீட்டுல கண்ணாடிங்கற பேச்சே எடுக்கக்கூடாது. முகம் பாக்கறத கூட 'அது'ன்னுதான் சொல்லணும்!"

"சரிங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் லோகேஸ்வரி எதற்கும் ஒரே வார்த்தையில் சரி சொன்னதில்லை. அங்கேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே?

சாயங்காலமே வேலை ஆரம்பமானது. காயவைத்த குண்டுகள் ஒரு வாளி. லட்டுக்கு மாவு நிறுக்கும் எலெக்ட்ரிக் தராசு மேஜை மேல் வந்தது.

"எல்லாம் எட்டு கிராம் இருக்கணும். இந்தா, இது எட்டு."

"அது ஆறுங்க."

"பேட்டரி வீக்கா இருக்கும்."

"நேத்துதான் மாத்துனேன்."

"அப்ப தராசே மட்டமான சாமான்."

லோகேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க வைங்க. நான் படிக்கிறேன்."

அவர் வைத்தார், அவள் படித்தாள். ஏழு, தள்ளு. ஒன்பது, தள்ளு. எட்டு, இந்தப் பக்கம். எட்டு கிராம் என்று தேறியதையும் அவள் சும்மா விடவில்லை. தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள்.

"இது கோணிப் போவுது. தள்ளுங்க."

"எடை சரியா இருக்கே?"

"எடை இருந்தா போதுமா? உங்களையும் ஷங்கரையும் நிறுத்தா ஒரே எடைதான். ஒரே மாதிரியா போறீங்க?"

தர்மராஜ் அதைத் தள்ளினார். அடுத்ததை அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்து நகத்தால் தட்டினாள். "இது உள்ள பொத்தல்." அதுவும் போனது. கடைசியில் ஒரு வாளிக் குண்டில் ஒரு பிஸ்கெட் டின் அளவுதான் மிஞ்சியது. ஆனால் மிஞ்சியதெல்லாம் ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"ரப்பரும் புதுசா மாத்திடுங்க. பாசார்ல வாங்கி வச்சிருக்கேன்," என்றாள்.

"அன்னைக்கிப் பாத்து காத்து அடிச்சா?"

"அடிச்சா போட்டியை இன்னொரு நாள் வைக்கச் சொல்லிடுவோம். ஷங்கர் ஒத்துக்குவான்."

தர்மராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்த தம்பியை விட்டுக்கொடுத்துப் புருஷன் பக்கம் நிற்கிறாளே! பொண்டாட்டி என்றால் இவளல்லவா பொண்டாட்டி என்று பூரித்துப் போனார்.

போட்டியன்று ஒரு இலைகூட அசையவில்லை. திடலில் கயிறு கட்டி, நம்பர் எழுதிய பால்மாவு டின்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தர்மராஜுக்கு அஞ்சாம் நம்பர் டின். ஷங்கருக்கு ஆறாம் நம்பர். ஆளுக்குப் பத்துக் குண்டு. ஷங்கர் முதலில் அடித்தான், நாலுதான் பட்டது.

தர்மராஜ் லஸ்டிக்கை இழுத்தார். டங்! அடுத்தது டங்! பத்துக்குப் பத்தும் டங்! அவர் சொன்னது பொய்யில்லை. கோளாறு குண்டில் இருக்கத்தான் செய்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கைதட்டக் காணோம். யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், அப்புறம் திடலே சிரித்தது.

நடுவர் மைக்கைப் பிடித்தார். "எந்த டின்ல படுதோ அந்த டின்காரருக்குத்தான் பாயிண்ட். ஆறாம் நம்பர், பதினாலு! அஞ்சாம் நம்பர், சுழியம்!"

ஷங்கர் ஓடி வந்து கட்டிப்பிடித்தான். "தேங்க்ஸ் மாமா! நான் நாலுதான் அடிச்சேன். மீதிய நீங்க அடிச்சுக் குடுத்துட்டீங்க லா!"

வீட்டுக்கு வந்ததும் லோகேஸ்வரி காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"குண்டு?"

"சமம்தான்."

"ரப்பர்?"

"புதுசு."

"காத்து?"

"இல்ல."

"அப்ப வேற என்னங்க பாக்கி?"

தர்மராஜ் யோசித்தார். "டின்னுல நம்பரை எவனோ தெரியாத மாதிரி எழுதியிருக்கான்."

"நான்தான் எழுதுனேன். தட்டு சைஸ்ல."

மறுநாள் இருவரும் ரயிலேறிச் சிரம்பான் போனார்கள். கண்ணாடிக் கடைப் பெண் அவரைக் கண்டதும் சிரித்துக்கொண்டே டிராயரைத் திறந்து ஒரு பெட்டியை நீட்டினாள்.

"வாங்க அங்கிள். உங்க ஃப்ரேம் இதுதான். கண்ணு டெஸ்ட் பண்ணதும் லென்ஸ் போட்டுடலாம்."

"நான் இன்னும் ஃப்ரேமே எடுக்கலியேம்மா?"

"ஆண்ட்டி தீபாவளி சேல்லயே எடுத்து வச்சிட்டாங்க அங்கிள். நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டேன். லஸ்டிக் போட்டிக்கு மறுநாள்னு சொன்னாங்க."