கம்பிக்கு அடியில் அரை ஏக்கர்

உயிரின் விலை ஐந்நூற்றொரு ரூபாய். தேங்காய் பழம் தனி.

மனித உயிர் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு எங்கள் பக்கம் இன்னும் விலை படியவில்லை. இது பரணில் கிடக்கும் பழைய டியூப்லைட்டின் உயிர். எரியாத டியூப்லைட், செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி, வயிறு உப்பிய செல்போன், எதுவானாலும் உருப்படிக்கு ஐந்நூற்றொன்று. ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி போகிற வழியில், பெரிய டவர் லைனுக்குக் கீழே, வெள்ளிக்கிழமை தோறும் ஜோதிச் சித்தர் அந்த உயிர்களை விடுவித்துக்கொண்டிருந்தார்.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். பள்ளிபாளையத்துத் தறிக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், மடியில் டியூப்லைட்டைக் கைக்குழந்தை மாதிரி படுக்கவைத்துக்கொண்டு. பேட்டரியை இரண்டு பேர் தூக்க, மூன்றாமவர் முன்னால் கற்பூரம் காட்டிக்கொண்டு நடந்தார். வரிசையின் ஓரத்தில் முறுக்கு வண்டி மட்டும் நான்கு.

"செத்த சாமானை ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறது, பொணத்தை வெச்சிருக்கற மாதிரிங்க சாமி" என்பார் சித்தர். "கடன் அடையாது. கலியாணம் கூடாது. புள்ளைக்குச் சளி உடாது."

கடன், கலியாணம், சளி. இந்த மூன்றும் இல்லாத வீடு ஒன்றை நாமக்கல் ஜில்லாவில் காட்டுங்கள், ஒரு கிலோ நெய் இனாமாகத் தருகிறேன்.

பொழுது மங்கியதும் சித்தர் எழுவார். எரியாத டியூப்லைட் ஒன்றை நட்டுக்குத்தலாகப் பிடிப்பார். ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை. உதடு அசையும். டியூப்லைட் நிலா வெளிச்சம் மாதிரி வெள்ளையாக மினுங்கும். கூட்டம் ஓவென்று கையெடுக்கும். "பாத்தீங்களா, உயிரு உள்ளயே மாட்டிட்டுத் தவிக்குது" என்று சொல்லி, அதைப் பக்கத்துக் குழியில் போட்டு உடைப்பார். உள்ளே படிந்திருக்கும் வெள்ளைப் பொடியைத் திரட்டிப் பொட்டலம் கட்டித் தருவார். அதற்குப் பெயர் வெண்ணீறு. பேட்டரியும் செல்போனும் பெரிய உயிர்களாம். அவற்றுக்குத் தனிப் பூசை, வேறு இடத்தில்.

இதையெல்லாம் நான் தள்ளி நின்று சிரித்தேன் என்று எழுத ஆசைதான். முதல் வரிசையில் நின்றேன். எட்டு உருப்படி கொடுத்தேன்.

நான் தனபால், ராசிபுரத்தில் நெய் வியாபாரம். உள்ளங்கையில் ஒரு சொட்டு தேய்த்து மோந்து பார்த்தால், எவன் எவ்வளவு டால்டா கலந்தான் என்று சொல்லிவிடுவேன். மூக்கு அப்படி. அதற்கு மேலே இருக்கிற உறுப்பைப் பற்றித்தான் இந்தக் கதை.

சித்தர் உட்கார்ந்திருந்த அரை ஏக்கர் என்னுடையது. தலைக்கு மேலே மின்சாரக் கம்பி. வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது. பத்து வருஷமாக ஒருவனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதைக் கேட்டு ஒரு நாள் இவர் கடைக்கு வந்தார். எட்டு லட்சம் என்றேன். நாலுக்கு இறங்கி வருவது என்று மனசுக்குள் தீர்மானித்து, பேரத்துக்குத் துணையாக டீயும் சொல்லிவிட்டிருந்தேன்.

"ஆகட்டுங்க" என்றார்.

அவ்வளவுதான். நான் தடுமாறிப்போனேன். நான் பிறந்த குடும்பத்தில் தாலிக்குத் தங்கம் வாங்கினாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். இந்த மனிதர் டீ வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார். ஒரு லட்சம் முன்பணம், மீதி மாதத் தவணை, கடைசித் தவணை முடிந்ததும் பத்திரம் என்று பேச்சு. ஒரு சாமியாரையே ஏமாற்றிவிட்டோமே என்று அன்றைக்கு எனக்கு மிதப்பு. இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

தவணை எங்கிருந்து வரும்? கூட்டத்திலிருந்து. ஆகவே கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நெய்யோடு சித்தர் மகிமையையும் அளந்து கொடுத்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். நம் சரக்கை நாமே வாங்கித் தின்கிற வியாபாரியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

என் மருமகள் மைதிலிக்கு வேலை, நகராட்சி வளாகத்தில் இருக்கும் ஒரு தகரக் கொட்டகையில். வீடுகளில் சேரும் ஆபத்தான குப்பையை, அதாவது இதே டியூப்லைட், பேட்டரி, பழைய செல்போன், பெயின்ட் டப்பா, காலாவதியான மாத்திரை எல்லாவற்றையும் இலவசமாக வாங்கி, பிரித்து, முறையாக அழிக்கிற இடங்களுக்கு அனுப்புவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கிண்டல் செய்வது எனக்குப் பொழுதுபோக்கு.

"இந்த வாரம் எத்தனை வந்துச்சு அம்மிணி?"

"ஒரு டார்ச் லைட்டுங்க மாமா. அதையும் அந்தம்மா தட்டிப் பாத்தாங்க, எரிஞ்சுது. திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"சும்மா வாங்கறேன்னா எவன் குடுப்பான்? ஒரு வெலை வெய்யி. சித்தரைப் பாரு."

"வெலை முன்னாடியே குடுத்தாச்சுங்க மாமா. சாமான் செஞ்சு வித்த கம்பெனியே, அது வீணாப்போன பொறகு எடுத்து அழிக்கற செலவையும் ஏத்துக்கணும்னு சட்டம். அவங்க என்ன, கையிலிருந்தா போடுவாங்க? நீங்க வாங்கும்போதே அந்தக் காசு வெலையில ஏறியிருக்கும். காரியத்துக்கும் சேத்துக் கட்டிட்டு, பொணத்தை மட்டும் பரண்ல வெச்சிருக்கீங்க."

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்குத் தவணை முக்கியம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மைதிலி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறாள். அவள் மகள், என் பேத்தி தமிழினிக்கு வயது இரண்டு, நான்கு நாளாகச் சளி. என் வீட்டுக்காரி அங்கம்மாள் கரண்டியில் தேன் விட்டு, அதில் வெண்ணீறைக் குழைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குழந்தையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

மைதிலி தட்டிய தட்டில் கரண்டி கூடத்தின் அந்தக் கோடியில் போய் விழுந்தது.

"எத்தனை வேளை குடுத்தீங்க அத்தை?"

"இதுதான் கண்ணு மொத வேளை. நெத்தியில மட்டும் ரெண்டு வாரமா வெச்சுட்டு இருக்கறேன். ஏன், என்னாச்சு?"

"இது டியூப்லைட்டுக்குள்ள பூசியிருக்கற பவுடருங்க. பாதரசம் சேந்திருக்கும். கொட்டகையில இது உடைஞ்சா நாங்க கதவைத் தொறந்து வெச்சுட்டு வெளிய ஓடிருவோம். நீங்க தேன்ல கொழைக்கறீங்க!"

அங்கம்மாள் குழந்தையின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு காரில் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ரத்தம் எடுத்தார். முடிவு சனிக்கிழமைதான் வரும் என்றார். ஊசி குத்தியதற்குத் தமிழினி என்னைப் பார்த்து அழுதாள், டாக்டரைப் பார்த்து அல்ல. குழந்தைக்குக் கூடத் தெரிந்திருக்கிறது.

திரும்பி வரும்போது மைதிலி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க மாமா, யாருக்கும் வேண்டாத பூமிக்கு எட்டு லட்சம் சொன்னீங்களே, அவரு ஏன் பேரம் பேசல?"

என் தலைக்குள் எரிந்தது. பழைய டியூப்லைட் மாதிரி கொஞ்சம் தாமதமாக, விட்டு விட்டு எரிந்தது. பேரம் பேசாமல் வாங்குகிறவன் முட்டாளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கின் அருமை விற்கிறவனைவிட அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பூமியில் என்ன அருமை? மண்ணில் ஒன்றுமில்லை. தண்ணீர் இல்லை. கம்பி ஒன்றுதான் இருக்கிறது.

இன்னும் வர வேண்டிய தவணை ஐந்து லட்சம். அதை நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. நினைத்தேன். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளின் கையில் ஒட்டியிருந்த பஞ்சையும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மைதிலியோடு போனேன். சித்தர் டியூப்லைட்டைப் பிடித்து, கூட்டம் ஓவென்று கத்தி அடங்கிய நேரத்தில், அவள் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ஒரு வேண்டுதலுங்க. அதை எங்க மாமா கையில ஒருக்காக் குடுங்க."

"பாவிங்க கையில உயிரு நிக்காது அம்மிணி."

"அப்ப இவருதானுங்க சரியான ஆளு. இந்த எடத்தை ரெட்டை வெலைக்கு உங்களுக்கு வித்தவரு."

கூட்டம் சிரித்தது. சிரிப்பில் சித்தர் அசந்த நேரம், டியூப்லைட் என் கைக்கு வந்துவிட்டது. நிமிர்த்திப் பிடித்தேன். மந்திரம் தெரியாது. மனசுக்குள் அன்றைய நெய் விலைதான் ஓடிற்று.

ஜம்மென்று எரிந்தது.

உடனே ஆட்டையாம்பட்டி கந்தம்மாள், முறுக்கு வண்டிக்காரி, சடாரென்று என் காலில் விழுந்தாள். "சாமீ! நெய்க்கடைச் சாமீ! என்ற பையனுக்கு ஒரு பொண்ணு அமையோணுஞ் சாமீ!"

பின்னாலேயே இன்னும் பத்துப் பேர். சத்தியமாகச் சொல்கிறேன், என் வலது கை தானாக மேலே போயிற்று. உருப்படிக்கு நானூறு என்று வைத்தால் கூட்டம் இந்தப் பக்கம் சாயுமே என்று உள்ளே ஒரு கணக்கும் ஓடிற்று.

"மாமா, கையை எறக்குங்க" என்றாள் மைதிலி.

இறக்கினேன். அவள் டியூப்லைட்டை வாங்கிக் கந்தம்மாளிடமே கொடுத்தாள். எரிந்தது. "ஐயோ" என்று கந்தம்மாள் அடுத்தவரிடம் தள்ளினாள். அவர் லோடு ஆட்டோ சென்றாயன், மத்தியானமே குவார்ட்டரை முடித்துவிட்டு வந்தவர். அவர் கையிலும் எரிந்தது. கடைசியில் ஒரு மண் வாளியில் குத்தி நிறுத்தினாள். மண் வாளிக்கும் ஞானம் வந்து எரிந்தது.

பிறகு அதை எடுத்துக்கொண்டு கம்பியைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்தாள். வெளிச்சம் மங்கி, மங்கி, அணைந்தது. திரும்பி வந்தாள். எரிந்தது.

"சாமி, அந்த முறுக்கு வண்டி வரைக்கும் வந்து ஒரு தடவை எரிய வெய்யுங்க. நானே கால்ல உழுகறேன்."

"எல்லைக்குள்ளதானுங்க சக்தி" என்றார் சித்தர், குரல் இறங்கி.

"எல்லை எதுங்க சாமி?" சென்றாயன் தள்ளாடியபடி கேட்டார். "கம்பியா?"

ஐந்நூறு தலைகள் முதல் தடவையாக மேலே பார்த்தன. கம்பி இந்த ஆறு மாதமும் அங்கேதான் இருந்தது. கொஞ்சம் இரைந்துகொண்டும் இருந்தது. அதை ஓங்காரம் என்று சொல்லி, கேட்பதற்குத் தனியாக ஐம்பது ரூபாய் வாங்கினார் சித்தர்.

"இத்தனை பெரிய லைன்ல போற மின்சாரத்தோட வேகம் சுத்தியிருக்கற காத்துலயும் இருக்குங்க" என்றாள் மைதிலி. "ஃபியூஸான டியூப்புல ரெண்டு முனையிலயும் சின்ன இழைதான் அறுந்திருக்கும். உள்ள இருக்கற வாயு அப்படியே இருக்கும். அது மினுங்கறதுக்கு இந்தக் காத்து போதும். இவரு எடம் புடிச்சது, கம்பி நெம்பத் தாழ்ந்து தொங்கற எடத்துல."

வெண்ணீறு என்ன பொடி என்று அவள் சொன்னதும், மைதானம் முழுக்க முந்தானையும் துண்டும் நெற்றிக்குப் போயின. பேட்டரிகளுக்குத் தனிப் பூசை எங்கே நடக்கிறது என்பதைச் சென்றாயனே சொன்னார். "ஈயம் உருக்கற பட்டறையிலங்க. நான்தான் லோடு ஏத்திட்டுப் போவேன். கிலோவுக்கு இத்தனைன்னு சித்தரு வாங்கிக்குவாரு." காசு கொடுத்து, காசு பெறும் சரக்கையும் கொடுத்திருக்கிறோம். என் பரம்பரையில் யாரும் செய்யாத வியாபாரம்.

போலீஸ் வந்தபோது விவரம் வெளிவந்தது. பெயர் காளிதாஸ். டவர் லைனுக்குப் பெயின்ட் அடிக்கிற கூட்டத்தில் நான்கு வருஷம் வேலை. ஜீப்பில் ஏறும் முன் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நானாங்க கூப்ட்டேன்? சும்மா வாங்கற எடம் டவுனுக்குள்ளயே இருந்துச்சு. நீங்கதானுங்க வேன் புடிச்சுக் காசு குடுத்து இங்க வந்தீங்க."

ஆறு மாதத்தில் அந்த ஆள் பேசிய ஒரே உண்மை. அதற்கு அவர் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

சனிக்கிழமை டாக்டர் போன் செய்தார். தமிழினியின் ரத்தத்தில் பயப்படும்படி ஒன்றுமில்லை. "வாய்க்குள்ள போகல, அதுதான் புண்ணியம்" என்றார். அங்கம்மாள் அந்தக் கரண்டியைத் தூக்கி எறியப் போனாள். எங்கே எறிவது என்று மைதிலியைக் கேட்டு எறிந்தாள்.

ஊர் திருந்திவிட்டது என்று முடித்தால் இது சித்தர் கதையைவிடப் பெரிய பொய். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். டவரின் நான்கு காலுக்கும் மஞ்சள் பூசியிருந்தது. அபாயம் என்று எழுதி மண்டை ஓடு போட்ட பலகையில், மண்டை ஓட்டுக்கு நடு நெற்றியில் குங்குமம். கந்தம்மாள் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தரு பொய்யிங்க" என்றாள். "கம்பி நெசந்தானுங்களே!"

என் கணக்கை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

வரவு: முன்பணமும் தவணையுமாக மூன்று லட்சம். ஏமாந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிப் போலீஸில் கட்டியாயிற்று.

திரும்பி வந்தது: அரை ஏக்கர், கூடவே கண்ணாடித் தூளும் பாதரசமும் கலந்த ஒரு குழி. முழுசாக ஒப்படைத்த டியூப்லைட்டுக்குத்தான் கம்பெனிக்காரன் செலவு கொடுப்பானாம். உடைத்து மண்ணில் கலந்ததை அள்ளி அப்புறப்படுத்தும் செலவு நிலத்துக்காரன் தலையில். இதிலும் பேரம் பேசிப் பார்த்தேன். படியவில்லை.

பற்று: மருமகளிடம் நான்கு மாதக் கிண்டல். திருப்பி எடுத்துக்கொண்டேன்.

சொந்தமாக யோசிப்பது: இலவசம். எங்கள் பக்கம் இலவசத்துக்கு மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும். வேண்டுமானால் ஐந்நூற்றொரு ரூபாய் என்று போட்டுக்கொள்ளுங்கள், ஆரம்பித்தால் சரி. என் பெயரில் அந்தப் பாக்கி அறுபத்திரண்டு வருஷமாக நிற்கிறது.