பாதாள நாய்க்கு இரண்டு பன்

எனக்கு நாய் என்றால் பயம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது தவறு. எனக்கு நாய் என்றால் சந்தேகம். குரைக்கிற நாயைக்கூட நம்பிவிடுவேன். மனதில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. வாலாட்டுகிற நாய்தான் ஏதோ திட்டத்தோடு நிற்கிறது என்று தோன்றும்.

இந்த வியாதியை முற்ற வைத்தது என் வேலை. செண்பகனூரில் வீட்டில் உட்கார்ந்தபடி, செல்போனில் குழந்தைகள் கேட்கும் கதைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் வந்து சேர்ந்தவை நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துப் பழங்கதைகள். அந்தக் கதைகளில் வாசலுக்கு வாசல் நாய். பாதாள உலகத்துக்குக் கார்ம் என்று ஒன்று. குகை முன்னால் கட்டிக் கிடக்கும், நெஞ்செல்லாம் ரத்தம், அது சங்கிலியை அறுத்துக்கொண்டால் உலகம் முடிந்தது என்று அர்த்தம். இன்னொரு மாளிகையில் கிஃப், கெரி என்று இரண்டு. ஒன்று பகலில் தூங்கும், மற்றது இரவில் தூங்கும் (வாட்ச்மேன் வைத்திருப்பவர்கள் கவனிக்க). அவற்றைத் தாண்ட ஒரே வழி, ஒரு சேவலின் இரண்டு சிறகுக் கறியைப் போடுவது. அவை தின்று முடிப்பதற்குள் உள்ளே ஓடிவிட வேண்டும். மற்றவர்கள் இதைக் கதை என்பார்கள். நான் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொண்டேன்.

காரணம் இருந்தது. பேத்துப்பாறையில் என் தாய்மாமா ஒரு நாய் வளர்த்தார். கன்றுக்குட்டி உயரம். அவருக்கும் அப்பாவுக்கும் ஓடைத் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை முற்றி, நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. கல்யாணத்துக்கு நாள் நெருங்க நெருங்க அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

"எங்கண்ணன் வந்து நிக்காத கல்யாணத்துல எனக்கென்ன சோலி? நான் மண்டபத்துப் படி ஏற மாட்டேன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் இருவரும் நேரில் போய், தாய்மாமாவைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அழைக்க வேண்டும். அப்பாவோ, "அந்த வாசலை நானும் மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாது" என்று அம்மாவையும் கட்டிப்போட்டுவிட்டார். மாப்பிள்ளையான அண்ணன், சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும் என்று நழுவினான். மிச்சம் இருந்தது நான். அம்மா மண்டபத்துக்கு வருவாளா மாட்டாளா என்பது என் கையில் இருந்தது. அந்தக் கைக்கு அப்போது இருபத்து மூன்று வயது, நிதானம் கிடையாது.

முந்தின நாள் குழம்பிலிருந்து இரண்டு கோழிச் சிறகுகளை எடுத்து வைத்தேன். ஆனால் மஞ்சள் குங்குமம், பத்திரிகை இருக்கும் பையில் கறியை எப்படி வைப்பது? ஒவ்வொரு சிறகையும் ஒரு பன்னுக்குள் செருகிவிட்டேன். தெய்வக் குற்றம் கண்ணுக்குத் தெரியாது, பஸ்ஸில் வாசனையும் வராது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமா வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றால், உள்ளே அது நின்றது. சங்கிலி இல்லை. குரைக்கவில்லை. வாலாட்டியது. நெஞ்சு முழுக்கச் சிவப்பு, இன்னும் ஈரம் காயாத சிவப்பு. முதல் பன்னைக் கேட்டுக்கு மேலாக எறிந்தேன். நான் கொக்கியை எடுப்பதற்குள் அது விழுங்கிவிட்டு அடுத்ததுக்காக உட்கார்ந்தது. (ஐஸ்லாந்து நாய்கள் மென்று தின்னும்போலிருக்கிறது.) இரண்டாவது பன்னை எடுத்த நேரம் பார்த்து, பீன்ஸ் கூடையோடு அத்தை வந்தாள்.

"ஏங்க! வெரசா வாங்க! எவளோ நாய்க்கு பன்னு போடுறா!"

மாமா மண்வெட்டியோடு ஓடி வந்தார். அக்கம்பக்கத்திலிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

"நான்தான் மாமா!"

"நீயா? ஒங்கப்பன் அனுப்புனானா?" என் கையிலிருந்த பன்னைப் பிடுங்கிப் பிளந்தார். சிறகு எட்டிப் பார்த்தது. கூட்டத்தில் ஒருத்தர் "அதே பன்னுதாண்ணே!" என்றார்.

விஷயம் இதுதான். அந்த மாதம் ஊரில் இரண்டு வீடுகளில் அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டு திருடு போயிருந்தது. இரண்டு இடத்திலும் நாய் மயங்கிக் கிடந்ததாம், பக்கத்தில் கறி வைத்த பன் கிடந்ததாம். இது ஊருக்கே தெரியும். அந்த ஊரோடு பேச்சில்லாத எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியாது.

"மாமா, நான் பத்திரிகை வைக்க வந்தேன்."

"பத்திரிகையா? பெத்தவுக ரெண்டு பேரும் உசுரோட இருக்கையில, தாம்பாளத்த ஒத்தப் புள்ள கையில குடுத்து விடுவாகளா? யார ஏமாத்துற?"

"ஐஸ்லாந்துல ஒரு மாளிகை இருக்கு மாமா, அங்க ரெண்டு நாய்..."

"அதெல்லாம் அப்பறம். நீ மொதல்ல இதத் தின்னு."

தின்றேன். பயத்தில் மெல்லாமல் தின்றேன். சிறகு எலும்பு தொண்டையில் நின்றது. கண் பிதுங்கி, இருமி, கேட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"ஐயையோ, வெசம்!" என்று அத்தை அலறினாள். "நாயும் தின்னுருச்சே!"

சோப்புத் தண்ணீர் கலக்கினார்கள். முதல் சொம்பு நாய்க்கு, இரண்டாவது எனக்கு. மாமா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு "குட்டிமா, கக்கிரு தங்கம்" என்று கெஞ்சினார். (பாதாள நாயின் பெயர் குட்டிமா.) சட்டையெல்லாம் சிவந்துபோன அவரைப் பார்த்து, "ரத்தம் மாமா!" என்றேன் நான், எலும்பு வெளியே வந்த தெம்பில்.

"பீட்ரூட்டுடி! கழிச்சுப் போட்ட குமியில பொரண்டு வந்துருக்கு" என்றாள் அத்தை.

குட்டிமா கக்கினாள். நான் கீழே போட்டிருந்த அழைப்பிதழின் மேல், மணமக்கள் பெயர் மறையும்படி.

மாமா போனை எடுத்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அம்மாவை அழைத்தார். "ஒம்மக எங்குட்டிமாவுக்கு வெசம் வச்சிட்டா!" என்று கத்தினார். எதிர்முனையில் அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"அண்ணே... நல்லாருக்கியா?"

மாமாவால் அதற்கு மேல் கத்த முடியவில்லை. பூண்டுத் திருட்டிலிருந்து என் தொண்டையில் நின்ற எலும்பு வரை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. அம்மா இறங்கினாள், பின்னாலேயே அப்பாவும் இறங்கினார். அம்மா கையில் புதுத் தாம்பாளம், புதுப் பத்திரிகை, மடிப்புக் கலையாத வேட்டி. இவ்வளவு சீக்கிரம் இத்தனையும் எங்கிருந்து கிடைத்தன என்று எனக்கு அப்போதே சந்தேகம். எல்லாவற்றையும் என்றைக்கோ எடுத்து வைத்துவிட்டுத்தான் அழுதிருக்கிறாள்.

"எம்மக தொண்ட அடச்சு நின்னப்ப கூப்பிடல, நாய்க்கு முடியலன்னதும் கூப்பிடுற" என்று ஆரம்பித்தாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், பிறகு அழுதார்கள். அப்பா குட்டிமாவைப் பார்த்தபடி நின்றார். மாமா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாயில் சோப்பு நுரையோடு நானும் சந்தோஷத்தில் அழுதேன்.

கல்யாணத்தன்று மாமா சீரோடு வந்தார், அம்மா மண்டபத்துப் படி ஏறினாள். சாப்பாட்டுப் பந்தியில் மாமா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "இவ ஒரு வாய் முழுங்கட்டும், அப்பறம் நாம கை வைப்போம்" என்றார். அவ்வளவு பேரும் கையைக் கட்டிக்கொண்டு என் தொண்டையைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் முதல் இலை எனக்குத்தான். அதை மரியாதை என்று என் மாமியார் வீட்டில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.