பொட்டி வந்த வீடு

"ஸோ, இந்த மாசம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போன பில் மொத்தம்..." என்று சுஜி வாயைத் திறந்த நேரத்தில் மின்விசிறி நின்றது.

கூடவே மோடமும் நின்றது. லேப்டாப் திரையில் பதினான்கு முகங்கள் சிலையாக உறைந்தன. அந்தப் பக்கம் தன் முகமும் திறந்த வாயோடு உறைந்திருக்கும் என்பது சுஜிக்குத் தெரியும். போன மாதம் அப்படி உறைந்ததை யாரோ புண்ணியவான் படம்பிடித்து, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கராகவே விட்டிருந்தான்.

மொபைல் நெட்டுக்கு மாறலாம் என்றால், இரும்புலியூரின் அந்தத் தெருவில் கரண்ட் போன மறுவிநாடி எல்லோரும் மொபைலுக்குத் தாவுவார்கள். வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது நிமிடம் டீம் லீடர் கோகிலவாணி மேடத்திடமிருந்து போன்.

"சுஜி, ஒண்ணு."

"மேடம், கரண்ட் போயி..."

"காரணமெல்லாம் நான் எழுதறதில்ல. நம்பர் மட்டும்தான். ஒண்ணு."

மருத்துவமனை பில்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் கம்பெனி அது. புதிய விதி அமலுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மீட்டிங்கில் மாதத்துக்கு மூன்று முறை காணாமல் போனால், வீட்டிலிருந்து வேலை ரத்து. வாரத்தில் ஐந்து நாளும் சோழிங்கநல்லூர் ஆபீஸ்.

சோழிங்கநல்லூர் போக மேடவாக்கம் சிக்னலைத் தாண்ட வேண்டும். காலை ஏழுக்குக் கிளம்பினால் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று, ஒன்பதரைக்குப் போய்ச் சேரலாம். மூன்று வருடமாக சுஜி அதையெல்லாம் மறந்திருந்தாள். மதியம் சுடச்சுட ரசம் சாதம், அதன்பின் யாருக்கும் தெரியாத பதினைந்து நிமிடத் தூக்கம் என்று வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தது. சக ஊழியர்களைத் திரையில் சின்னச் சின்னக் கட்டமாகப் பார்ப்பதில் அவளுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. நேரில் பார்ப்பதுதான் கஷ்டம்.

"இவ்வளவுதானா?" என்றார் சாயந்தரம் வீடு திரும்பிய கணவர் ஆஸ்டின். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். வீட்டில் மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் தாமே அதிகாரி என்று தாமே அறிவித்துக்கொண்டவர். பல்பு மாற்ற மட்டும் வெளியிலிருந்து ஆள் வருவார்.

"மோடத்துக்கு என்ன வேணும்? பன்னெண்டு வோல்ட், ஒரு ஆம்பியர். அதுக்குன்னே குட்டி யூபிஎஸ் விக்குது சுஜி. டிபன் பாக்ஸ் சைஸ்தான்."

"அதை வாங்கினா நெட் போகாதா?"

"எப்படிப் போகும்? மோடம்தான் ஆன்ல இருக்கே."

கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தினி மணி நேரம் தாங்கணும் சார்?"

"கரண்ட் எத்தனை மணி நேரம் போகும்?"

"அது என்னைக் கேட்டா எப்டி சார்?"

ஆஸ்டின் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, நான்கு மணி நேரம் தாங்குவதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரரே கொஞ்சம் மிரண்டுதான் போனார்.

மறுநாள் மதியம், நல்லவேளையாகச் சாப்பாட்டு நேரத்தில், கரண்ட் போனது. சுஜி தட்டோடு ஓடிப் போய்ப் பார்த்தாள். மோடம் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு விளக்கு மட்டும் சிவப்பு. நெட் இல்லை.

நெட் லைன் கொடுத்திருக்கும் மாணிக்கவேலை வரவழைத்தார்கள். அவர் மோடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சார், உங்க மோடம் உசுரோட கீது. பொட்டிதான் செத்துப் போச்சு."

"எந்தப் பொட்டி?"

"தெரு மொத்தத்துக்கும் ஒரே பொட்டிலேர்ந்துதான் சார் லைன் பிரியுது. எதிர்ல கன்னியம்மாக்கா வூட்டு போர்ட்டிகோல மாட்டிக்கீது பாருங்க, அதான். அவங்க வூட்டுக் கரண்ட்ல ஓடுது. அதுக்காவ அவங்களுக்கு நெட்டு ஃப்ரீ."

"அவங்க வீட்ல கரண்ட் போனா?"

"தெருவே கோவிந்தா."

"பொட்டிக்கு நீங்க ஒரு பேட்டரி வைக்கக்கூடாதா?"

"வெச்சேன் சார். போன மழைல உப்பிகினு, பலூன் மாரி ஆயிப்போச்சு."

ஆஸ்டின் இரண்டாவது குட்டி யூபிஎஸ் வாங்கிவந்து கன்னியம்மாவின் போர்ட்டிகோவில் மாட்டினார். கன்னியம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். தன் வீட்டுச் சுவரில் நடக்கும் எதையும் தன் அனுமதியோடுதான் நடக்க விடுவார். இதற்கு அனுமதித்தார்.

இரண்டு முறை கரண்ட் போயிற்று. இரண்டு முறையும் நெட் அசையவில்லை. ஆஸ்டின் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடமாடினார்.

எட்டாவது நாள், வீட்டில் கரண்ட் இருந்தது, மின்விசிறி சுற்றியது, மீட்டிங் நடந்தது. நெட் மட்டும் போனது.

சுஜி பால்கனிக்கு ஓடினாள். எதிர்வீட்டு கிரில்லில் பெரிய பூட்டுத் தொங்கியது. போன் போட்டாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"பெருங்களத்தூர்ல எம் பொண்ணுக்கு வளைகாப்புமா. குடும்பத்தோட காலைலயே வந்துட்டோம். நீதான் வரல."

"உங்க வீட்ல பொட்டி ஓடலக்கா."

"எப்டி ஓடும்? வூட்டப் பூட்டினா மெயின ஆஃப் பண்ணிருவேன். ஆள் இல்லாத வூட்ல கரண்ட் எதுக்கு?"

பேட்டரி தன்னால் ஆன நான்கு மணி நேரம் தனியாகப் போராடி உயிரை விட்டிருந்தது. ஆஸ்டினின் கணக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சரி.

"சுஜி, ரெண்டு" என்று கோகிலவாணி மேடத்தின் செய்தி வந்தது.

"பொட்டியையே நம்ம வீட்டுக்குக் கொண்டுவந்துட்டா?" என்றார் ஆஸ்டின்.

மாணிக்கவேல் இதற்குச் சம்மதித்த வேகத்தைப் பார்த்தாவது அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "இப்பவே பேத்து எடுத்தாந்துர்றேன் சார்" என்று பாதி வார்த்தை சொல்லும்போதே ஏணியோடு தெருவைத் தாண்டிவிட்டார்.

இனி குட்டி டப்பாக்களை நம்புவதில்லை என்று பெரிய இன்வெர்ட்டர் வந்தது. அதற்கொரு டியூபுலர் பேட்டரி. இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்து ஹாலின் மூலையில் வைத்தார்கள். ஆஸ்டின் அதன்மேல் கை வைத்து ஒரு சின்ன ஜெபம் செய்தார். ஆமென் சொன்ன சுஜியின் குரல் தெருமுனை வரை கேட்டது.

அன்றே ஆரம்பித்தது.

"யக்கா, நெட்டு சுத்திக்கினே கீதுக்கா."

"சுஜி மேடம், பையனுக்கு ஆன்லைன் டெஸ்ட். கொஞ்சம் ஸ்பீடு கூட்டி வைக்க முடியுமா?"

"இந்த நெட்டுக்காரம்மா வீடு எதுங்க?"

காலிங் பெல் ஓயவில்லை. நாற்பது வீட்டுக்கும் ஒரே புகார் அலுவலகம் சுஜியின் வாசல். கன்னியம்மா வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்கூட்ல இருந்த மகாலச்சுமியப் பேத்துகினு வந்துட்டீங்களேம்மா. இப்ப எனக்கு நெட்டுக்கு யாரு துட்டு கட்டுவா?"

"அக்கா, நம்ம வைஃபையையே யூஸ் பண்ணிக்கோங்க."

"எங்கூடு வரைக்கும் எட்டலயே பாப்பா. அதனால நானே வந்துட்டேன்."

மார்க்கெட் முடிந்ததும் தினமும் மதியம் வந்து ஹாலில் உட்கார்ந்து, போனில் முழுச் சத்தத்தோடு சீரியல் பார்த்தார். சுஜியின் பதினைந்து நிமிடத் தூக்கம் போனது.

"பின்னாடி யாரு அழறது?" என்றார் கோகிலவாணி மேடம் மீட்டிங்கில்.

"சீரியல் மேடம்."

"அழுகைக்கு நம்பர் கிடையாது. கன்டினியூ."

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. கிளையண்டோடு பெரிய மீட்டிங். சுஜியின் கணக்கில் ஏற்கெனவே இரண்டு; இன்னொன்று விழுந்தால் சோழிங்கநல்லூர்தான். மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மூன்று பத்துக்கு இடி. மூன்று பன்னிரண்டுக்கு பெருங்களத்தூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை கரண்ட் இல்லை.

இன்வெர்ட்டர் ஒரு முறை முனகிவிட்டு வேலையை ஆரம்பித்தது. பொட்டியில் எல்லாம் பச்சை. சுஜி பெருமூச்சு விட்டாள். உடனே காலிங் பெல்.

தெருவில் பாதி வாசலில் நின்றது. சார்ஜரோடு ஆறு பேர். லேப்டாப்போடு இரண்டு பேர். ஒரு அம்மாள் மிக்ஸியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். "சட்னிதான் சுஜி, ஒரே சுத்து."

மிக்ஸி சுற்றினால் இன்வெர்ட்டர் படுத்துவிடும். சுஜி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே திரையையும் பார்த்தாள். அங்கே கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

கன்னியம்மா எழுந்தார். சீரியலை நிறுத்தினார். அதுவே பெரிய செய்தி.

"ஏய், மிக்ஸியத் தூக்கினு போ அந்தாண்ட. ஒரு நாளு சட்னி இல்லாம தோசை உள்ள எறங்காதா? பாப்பா கம்பெனிக்காரங்களோட பேசிக்கினு கீது. அத்தினி பேரும் நடயக் கட்டுங்க."

மார்க்கெட்டில் பழகிய குரல். ஒரே நிமிடத்தில் வாசல் காலி.

திரையில் கடைசியாக கோகிலவாணி மேடத்தின் கட்டமும் வாய் திறந்தபடி உறைந்து, மறைந்தது. மிச்சமிருந்தது சுஜியும் கிளையண்டும் மட்டுமே. பதினான்கு பேர் பேச வேண்டியதை சுஜி ஒருத்தியே ஐம்பது நிமிடம் பேசினாள். கிளையண்ட் கைதட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மேடத்தின் போன். சுஜி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுஜி, நேத்து எல்லாருக்கும் நம்பர் போட்டேன். எனக்கும் சேர்த்து. பதினாலு பேருக்கும் மூணு தாண்டியாச்சு. நீங்க ஒருத்தர்தான் தப்பிச்சீங்க. இனிமே நீங்க ஆபீஸுக்கு வரவே வேண்டாம். மேனேஜ்மென்ட்டே சொல்லிட்டாங்க."

சுஜிக்குக் கண் கலங்கியது. "தேங்க்ஸ் மேடம்."

"உங்க வீட்டு பேக்கப் செட்டப்பை போட்டோ எடுத்து அனுப்புங்க. லொகேஷனும். அப்புறம், ஹால் எவ்வளவு பெருசு?"

"பத்துக்குப் பதினெட்டு மேடம். ஏன்?"

"திங்கட்கிழமை தெரியும்."

போனை வைத்ததும் ஆஸ்டின் துள்ளிக் குதிக்காத குறை. "டி.வி.தான் சுஜி. சந்தேகமே இல்ல. ஹால் அளவு எதுக்குக் கேப்பாங்க? ஐம்பத்தஞ்சு இன்ச்சுக்குக் குறையாது."

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வேலையில் இறங்கினார்கள். சோபாவைக் கன்னியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். ஷோகேஸை மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். ஹால் பளிச்சென்று காலியானது. சுஜி அதன் நடுவில் நின்று, மூன்று வருடம் மட்டுமல்ல, இனி முப்பது வருடமும் இந்த வீட்டைவிட்டு அசைய வேண்டியதில்லை என்று சந்தோஷமாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. ஓட்டுநர் கையில் ஒரு காகிதத்தோடு இறங்கிவந்து, காலி ஹாலை எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"எல்லாம் ரெடியா வெச்சுக்கீறீங்க, ரொம்ப நல்லது மேடம். சோழிங்கநல்லூர்ல ஆபீஸைக் காலி பண்ணியாச்சு, ஸ்டாஃபுங்க பதினாலு பேரும் பின்னாலயே வேன்ல வந்துகினு கீறாங்க. சேர் டேபிளையெல்லாம் எங்க எறக்கறது?"