பிடுங்கியவன் பட்டியலில், பல்லுக்காரர் பதவியில்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆண்டவன் கிருபையில் இங்கு யாவரும் சுகம். உன் சுகத்தை அவனிடம் தினமும் விசாரிக்கிறேன், பதில்தான் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை அலுவலகத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், அதிகாரி, அவர் சொல்வதை எழுதும் குமாஸ்தா, சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் படமாக மலைப் போராளிகளின் தலைவர். ஐந்தாமவர் உனக்குத் தெரிந்தவர்தான். ஆறு வருஷத்துக்கு முன் வீங்கிய கன்னத்தோடு நம் முன்னறைக்கு வந்தார், நீ கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி அனுப்பினாய், பயங்கரவாதிக்கு உதவினவன் என்று உன்னைப் பட்டியலில் போட்டார்கள், நீ எல்லை தாண்டினாய். அவர் இப்போது அரசோடு சமாதானமாகித் துணை மந்திரி. போகும்போது முன்னால் இரண்டு வண்டி, பின்னால் இரண்டு வண்டி. படம்கூடப் புதிது இல்லை. நம் தெரு விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்ததேதான். 'பிடித்துக் கொடுப்போருக்குச் சன்மானம்' என்ற வரியை மட்டும் மடித்து உள்ளே சொருகியிருக்கிறார்கள். தூசி துடைத்துப் பழகின கண்ணுக்கு மடிப்பு தப்புமா?

பல்லுக்குச் சொந்தக்காரரே மந்திரியாகிவிட்டாரே, பிடுங்கினவன் வீட்டுக்கு வரலாமா என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"அம்மா, அவர் இப்பத்தான் தலைவர். உங்க தம்பி உதவினப்போ பயங்கரவாதி."

"ரெண்டும் ஒரே வாய்தானே, சார்?"

குமாஸ்தா பேனாவை நிறுத்தி, இதையும் எழுதவா என்று கேட்டார். அத்தான் என் காலை மிதித்தார். நான் விடாமல் என் நோட்டை நீட்டினேன். ரேடியோ சொல்வதைத் தேதி போட்டு எழுதி வைப்பேனே, அது. மலையிலிருந்து குண்டு விழுந்தால் பயங்கரவாதம். நம் விமானம் சந்தையில் போட்டால் முன்னெச்சரிக்கை நடவடிக்கை. இரண்டு நாளும் உடைந்தது நம் அடுப்படி ஜன்னல்தான், கண்ணாடிக்காரன் இரண்டு தடவையும் ஒரே அளவுதான் எடுத்தான். அதிகாரி பொறுமையாகப் படித்து, நோட்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, மந்திரியிடம் ஒரு நற்சான்றுக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்.

மறுநாள் போனேன். மந்திரி வாயைத் திறந்து அந்தப் பொந்தையே காட்டினார். "உங்க தம்பிக்குப் பூ மாதிரி கைம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. இனி என்ன, கிளம்பி வா. உன் பல் நாற்காலியை வாரம் தவறாமல் துடைக்கிறேன். மிதியை அழுத்தினால் இன்னும் ஏறுகிறது. எனக்கு மேல்பல் ஒன்று நாலு வருஷமாக ஆடுகிறது. வேறு யாரிடமும் வாயைத் திறக்க மனசில்லை, அந்தப் பக்கமாக மெல்லுவதையே விட்டுவிட்டேன்.

நீ வரும் வழியெல்லாம் ஆண்டவன் உன் முன்னே நடக்கட்டும்.

உன் அக்கா

பின்குறிப்பு: வராதே. உறையை ஒட்டும் நேரத்தில் ரேடியோ சொன்னது: பேச்சு முறிந்து மந்திரி மலையேறிவிட்டார், மத்தியானத்திலிருந்து மறுபடி பயங்கரவாதி. படத்தின் மடிப்பை நீவி விரித்துவிட்டார்களாம், புதிதாக அச்சடிக்கும் வேலை மிச்சம். பயங்கரவாதியின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததால் என்னையும் பட்டியலில் சேர்த்தாயிற்று. குமாஸ்தா வாசல்வரை வந்து மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்: உன் பெயருக்கு நேர் கீழே என் பெயராம். ஆறு வருஷத்தில் இப்போதுதான் நாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம். பல் இன்னும் விழவில்லை. சீக்கிரம் பதில் போடு.