இலக்கை எட்டிய இயந்திரம்

உடுப்பிட்டியில் முருகேசுவின் வெங்காயத் தோட்டத்தில் புதுக்கிணறு வெட்டும்போது ஒரு சிறிய ஜெட் இயந்திரம் அகப்பட்டது. போர்க்காலத்தில் குண்டுபோட வந்த விமானம் ஒன்று அங்கே விழுந்ததும், வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்த முருகேசுவின் மனைவி குணலட்சுமி அதில் இறந்ததும் ஊரறிந்த விடயம். இயந்திரம் மண்ணுக்குள் கிடந்தது மட்டும் புதிது.

அலுவலகங்கள் விரைந்து செயற்பட்டன. 'வான்மரபுச் சுற்றுலா மேம்பாட்டு உபகுழு' உதயமானது. தலைவர் பஞ்சலிங்கம். கொழும்புக்கு ஒருமுறை விமானத்தில் போய்வந்தவர் என்பதால் அந்தத் துறையில் அவரை மிஞ்ச ஆளில்லை. தோட்டத்தின் நடுவே மேடை கட்டி, இயந்திரத்துக்கு வெள்ளிநிறப் பெயின்ற் அடித்து ஏற்றினார். செல்பி எடுக்க இதய வடிவில் ஒரு வளைவும் வைத்தார். பார்வையாளர்கள் விழுந்துவிடக்கூடாது என்ற பொதுநல நோக்குடன் கிணற்றுக்குழி மூடப்பட்டது.

வரலாற்றுப் பலகை எழுதும் பொறுப்பு, நெல்லியடியில் பௌதிகவியல் படிப்பிக்கும் கஜந்தினி ரீச்சருக்கு வந்தது. அவள் தேடிப் படித்து எழுதினாள்:

'இது வெளிநாடொன்றில், சுட்டுப் பழகுவதற்கு இலக்காகப் பறக்கும் ஆளில்லா விமானங்களுக்காகச் செய்யப்பட்டது. கொஞ்சநேரம் பறந்தால் போதும் என்பதால் மலிவாகச் செய்தார்கள். பிறகு ஆயுளைக் கூட்டிப் பயிற்சி விமானத்திலும் குண்டுவீச்சு விமானத்திலும் பூட்டினார்கள். இங்கே விழுந்து குணலட்சுமியைக் கொன்றது.'

பஞ்சலிங்கம் சிவப்புப் பேனையை எடுத்தார்.

"ரீச்சர், 'விழுந்தது' எண்டால் மரியாதையில்லை. 'தரையிறங்கியது' எண்டு போடுங்கோ."

"தலைகீழாயெல்லே வந்தது?"

"எப்பிடி வந்தாலும் தரைக்குத்தானே வந்தது! 'குண்டு' வேண்டாம், 'பாரம்' போதும். 'மலிவு' எண்டதைச் 'சிக்கனம்' ஆக்குங்கோ."

பக்கத்தில் நின்ற முருகேசு வாய் திறந்தார். "ஐயா, தோட்டத்தை நீங்களே வைச்சிருங்கோ. என்ரை மனுசியின்ரை பேரை மட்டும் வெட்டாதேங்கோ."

"அண்ணை, இது இயந்திரத்தின்ரை வரலாறு. உங்கடை மனுசி அதிலை ஒரு உதிரிப்பாகமோ?"

முருகேசு ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் தன் கைப்பையைப் பார்த்தாள்.

திறப்புவிழாவில் திரை விலகியது. 'சிக்கனமாகப் பிறந்து, பாரம் சுமந்து, உடுப்பிட்டியில் தரையிறங்கி, தன் இலக்கை எட்டிய இயந்திரம்.' கீழே உபகுழு உறுப்பினர் அனைவரின் பெயர்களும் பட்டங்களோடு இருந்தன. ஊர் கைதட்டியது, றோல்ஸ் சாப்பிட்டது, வளைவுக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தது. முருகேசுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றி இயந்திரத்தின் மேலே போட்டுவிட்டு நடந்தார். கலாசார உணர்வு என்று அதற்கும் கைதட்டினார்கள்.

அடுத்து மாணவர் பொது அறிவுப் போட்டி நடந்தது. 'இவ்வியந்திரம் எமது ஊருக்கு வந்ததன் நோக்கம் யாது?' சரியான விடை: சுற்றுலாவை வளர்த்தல். பிள்ளைகள் எல்லாரும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும், 'குணலச்சுமி ஆச்சியைக் கொல்ல' என்று எழுதியிருந்தது.

திருத்திக்கொண்டிருந்த கஜந்தினி, அந்த விடைக்குப் புள்ளி போடலாமா என்று கேட்கப் பஞ்சலிங்கத்துக்குப் போன் எடுத்தாள்.

"புள்ளித்திட்டத்திலை இருக்கோ?" என்று கேட்டார் அவர்.

"இல்லை."

"பிறகென்ன ரீச்சர்?"

அவள் பேனையை எடுத்தாள். 'லச்சுமி' என்பதை 'லட்சுமி' என்று அழகாகத் திருத்தினாள். பிறகு விடைக்குப் பிழை போட்டாள்.